பழைய ஜீப்பின் ஜன்னல் பீடிங் மாற்றும் வேலையும் அதன் அடியில் இருக்கும் துருவும்

ஜன்னல் ஓரத்து ரப்பர் வெடித்துவிட்டது என்று புதிய பீடிங் வாங்கி வைத்திருப்பவர்கள், வேலையைத் தொடங்குவதற்கு முன் நாள் கணக்கைச் சற்றுத் தாராளமாகப் போட்டுக்கொள்ள வேண்டும். பீடிங்கைக் கழற்றி மாட்ட ஒரு கதவுக்கு ஒரு மணி நேரம் போதும். ஆனால் அதைக் கழற்றியதும் வெளியே தெரியும் தகட்டைச் சுரண்டி, வண்ணத்துக்கு அடிப்பூச்சாகும் பிரைமர் அடித்து, வண்ணம் நன்றாகக் காய்ந்து முடிய ஒரு வாரம்கூட ஆகலாம். முப்பது ஆண்டு ஓடிய ஜீப்பில் பழைய பீடிங்கின் அடியில் துரு இல்லாமல் இருப்பது அரிது. அதை மேலோட்டமாகத் துடைத்துவிட்டுப் புதியதை அழுத்திப் பொருத்துகிறவர், துருவுக்குப் போர்வை போர்த்திவிட்டுப் போகிறார்.

துரு எங்கே தொடங்குகிறது என்பது கழற்றிய பீடிங்கைக் கையில் எடுத்துப் பார்த்தாலே புரிந்துவிடும். வெளிப்பக்கம் ரப்பர், கண்ணாடியை உரசும் பக்கம் வெல்வெட் போன்ற பஞ்சிழை, பல வண்டிகளில் நடுவே முதுகெலும்பாக ஒரு மெல்லிய இரும்புப் பட்டை, அதைக் கதவின் விளிம்பில் பிடித்து நிறுத்தச் சில ஸ்பிரிங் கிளிப்புகள். ரப்பர் வெடித்ததும் நீர் பஞ்சிழைக்குள் இறங்கிவிடுகிறது. கதவு முழுவதும் வெயிலில் சுட்டாலும் அந்த இடம் மட்டும் ஈரம் விடாமல் கிடக்கும். கரடுமுரடான பாதையில் வண்டி குலுங்கும்போதெல்லாம் கிளிப்பின் பற்கள் தகட்டின் வண்ணத்தைச் சுரண்டுகின்றன. சுரண்டிய இரும்பு, ஈரம், காற்று மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தபின் துருவுக்கு வேறொன்றும் தேவையில்லை. பழைய பீடிங்கை எடுத்த பிறகு, துரு நீளமான கோடாக இல்லாமல் கிளிப் இருந்த இடங்களில் மட்டும் காசு அளவில் வட்டமாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

பீடிங்கில் எவர்சில்வர் பட்டை ஓடும் வண்டிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்க, இடையே ஈரமும் இருந்தால், அந்த இடம் ஒரு சிறிய மின்கலம் போல வேலை செய்து, இரண்டில் எளிதில் கரையும் உலோகத்தை அரித்துவிடும். எவர்சில்வரும் சாதாரண இரும்புத் தகடும் சேர்ந்தால் அரிபடுவது தகடு. அதிலும் வண்ணம் முழுவதும் நன்றாக இருந்து ஒரு கீறல் மட்டும் இருந்தால், அரிப்பு முழுவதும் அந்தக் கீறலிலேயே குவியும். அலுமினியமும் இரும்பும் சேர்ந்தால் அரிபடுவது அலுமினியம். 1948 இல் வெளிவந்த முதல் லேண்ட் ரோவர் தொடங்கி அந்த வரிசை வண்டிகளின் உடற்தகடுகள் பெரும்பாலும் அலுமினியக் கலவை என்பதால் அவற்றுக்குத் துருக் கவலையே இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் அவற்றின் சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், இரும்பு; முன்கண்ணாடிக்குக் கீழே நிற்கும் தடுப்புச் சுவரும் இரும்பு. இரும்பும் அலுமினியமும் சந்திக்கும் இடங்களில் வண்ணம் பொங்கி நிற்கும்; விரலால் அழுத்தினால் உள்ளேயிருந்து வெள்ளைப் பொடி உதிரும்.

கதவு தண்ணீர் புகாத பெட்டி அல்ல

வேலைக்குள் இறங்குவதற்கு முன் இதை மனத்தில் நிறுத்திக்கொண்டால் பின்னால் வரும் எல்லாமே எளிதாகிவிடும். கண்ணாடி ஏறி இறங்கும் கதவு எதுவானாலும், மழை பெய்யும்போது அதற்குள் கொஞ்சம் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். புத்தம் புதிய பீடிங் போட்டாலும் இறங்கும். கதவை வடிவமைத்தவர்களும் அதை எதிர்பார்த்துத்தான் அடிவிளிம்பில் நீளவாக்கில் சில துளைகளை விட்டிருக்கிறார்கள். பீடிங்கின் வேலை நீரின் பெரும்பகுதியையும் மணலையும் வடிகட்டுவது. மீதி நீரை வெளியேற்றுவது அந்தத் துளைகளின் வேலை. துளை அடைபட்டால் கதவின் அடிப்பகுதி ஒரு தொட்டியாகிவிடும். சேற்றுப் பாதையில் ஓடும் வண்டியில் கீழேயிருந்து தெறிக்கும் சேறும், மேலேயிருந்து விழும் தூசியும் ரப்பர்த் துணுக்குகளும் சேர்ந்து அந்தத் துளைகளைச் சிமென்ட் பூசியதுபோல அடைத்துவிடுகின்றன.

இதில் நானே ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். என் வண்டியின் கதவு அடிவிளிம்பில் துரு தலைகாட்டியது என்று, சுத்தம் செய்துவிட்டு விளிம்பு முழுவதும் இடுக்கை அடைக்கும் பசையான சீலன்ட் இழுத்து அழகாக மெழுகினேன். துளைகளும் அதோடு மூடிக்கொண்டன. இரண்டு மழைக்காலம் தாங்கியது. மூன்றாவதில் கதவைச் சாத்தியபோது உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டது, விளிம்போ விரலால் தொட்டாலே அப்பளம் போல உடைந்தது.

கழற்றுதல்

கண்ணாடியை முழுவதும் கீழே இறக்கிவிடுங்கள். மின்சாரத்தில் இயங்கும் ஜன்னலாக இருந்தால் அதன் பிறகு பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். விரல் உள்ளே இருக்கும்போது கண்ணாடி எழும்பினால் விளைவு மோசமாக இருக்கும். வெளிப்புற பீடிங் சில வண்டிகளில் மேலிருந்தே கழன்று வரும். பலவற்றில் கதவு மூடும் பக்கத்து ஓரத்தில் ஒரு சிறு திருகு அதைப் பிடித்திருக்கும். அந்தத் திருகைத் தேடிப் பார்க்காமல் நெம்பிப் பட்டையை வளைத்தவர்கள் பலர். திருகு கழன்றதும், கதவுத் தகட்டின்மீது மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டி, பிளாஸ்டிக் ஆப்பை கிளிப்புக்கு நேர் கீழே செருகி மேல்நோக்கித் தூக்குங்கள். இரண்டு கிளிப்புகளுக்கு நடுவே நெம்பினால் பட்டை மடங்கிவிடும். பழைய ஸ்பிரிங் கிளிப் உடைந்து தெறிக்கும் இடம் பெரும்பாலும் முகமாக இருப்பதால் கண்ணுக்குக் கவசம் அவசியம்.

உட்புற பீடிங்கும் கண்ணாடி ஓடும் சேனலும் வேண்டுமென்றால் டோர் பேடை, அதாவது கதவின் உட்பக்கத்தை மூடும் பலகையை, கழற்றியாக வேண்டும். கண்ணாடியைச் சுற்றி இறக்கும் கைப்பிடி சில வண்டிகளில் திருகில் நிற்கும், சிலவற்றில் கைப்பிடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் குதிரை லாட வடிவக் கிளிப்பில் நிற்கும். திருப்புளியை விட்டுக் குடைவதைவிட, ஒரு பழைய துணிப் பட்டையைக் கைப்பிடிக்கும் டோர் பேடுக்கும் இடையே செருகி, செருப்புக்குப் பாலீஷ் போடுவதுபோல இரு முனையையும் பிடித்து இடமும் வலமுமாக இழுத்தால், துணியின் இழை கிளிப்பின் காலில் மாட்டி அதை வெளியே தள்ளிவிடும். கிளிப் தெறித்து ஓடும் என்பதால் கீழே ஒரு விரிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். கதவுக்குள் இறங்கும் நீர் டோர் பேடையும் உள்ளே விரித்த கம்பளத்தையும் நனைக்காமல் திருப்பி அனுப்புவது அந்தத் தாள்தான். அதன் கீழ் ஓரம் பெரும்பாலும் தகட்டின் வெளிப்புறம் ஒட்டப்பட்டிருக்காது. ஒரு பிளவு வழியாகக் கதவின் உள்ளே செருகப்பட்டிருக்கும். வழிந்து வரும் நீர் மீண்டும் கதவுக்குள்ளேயே விழுந்து துளை வழியாக வெளியேறும் ஏற்பாடு அது. திரும்ப மாட்டும்போது எப்படி இருந்தது என்று குழம்பாமல் இருக்க, கழற்றும் முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. தாள் கெட்டிருந்தால் கனமான பாலிதீனில் அதே அளவுக்கு வெட்டி, காய்ந்து இறுகாத பியூட்டைல் டேப்பால் ஒட்டலாம்.

துருவை எடுத்தல்

முதலில் சோதனை. ஒரு குத்தூசியின் முனையால் துருப் புள்ளிகளை அழுத்திப் பாருங்கள். முனை கடினமாக நின்றால் மேல் துரு. உள்ளே இறங்கினால் அந்த இடத்தில் தகடு இற்றுப்போய்விட்டது, அங்கே வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதுதான் வழி. இற்ற ஓட்டையில் பட்டி அடைத்துத் தேய்த்து வண்ணம் அடிப்பதை எந்தப் பட்டறை சொன்னாலும் ஏற்காதீர்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சிப் பின்னால் இருக்கும் துருவுக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். இரும்பு துருவாகும்போது பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், கொஞ்ச நாளில் பட்டியை அதுவே வெளியே தள்ளிவிடும்.

வண்ணம் பொங்கிய இடத்தில் கண்ணுக்குத் தெரியும் துருவோடு நிறுத்தக் கூடாது. வண்ணத்தின் அடியில் துரு ஊர்ந்து பரவியிருக்கும் என்பதால், நான்கு பக்கமும் பளபளக்கும் நல்ல இரும்பு தெரியும்வரை திறந்துகொண்டே போக வேண்டும். துளையிடும் கருவியில் மாட்டும் கம்பித் தூரிகை ஏமாற்றும். அது துருவின் மேல்பரப்பை மெருகேற்றிப் பளபளப்பாக்கிவிடும், ஆனால் குழிகளுக்குள் இருக்கும் துருவைத் தொடாது. முதலில் 80 எண் உப்புத்தாள், அடுத்து 180, ஓரங்களில் பழைய வண்ணமும் தகடும் படி தெரியாமல் சேர 320 என்ற வரிசையில் போகலாம். பழைய வண்டிகளின் வண்ணத்தில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு என்பதால் நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி அணிந்துகொள்ளுங்கள்.

எவ்வளவு தேய்த்தாலும் குழிகளின் அடியில் கறுப்புப் புள்ளிகள் மிஞ்சும். அவற்றுக்குத்தான் துரு மாற்றி என்று விற்கும் திரவம். அதில் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ இருக்கும். முன்னது துருவை இரும்பு பாஸ்பேட்டாகவும், பின்னது நீலங்கலந்த கறுப்பு நிறப் படலமாகவும் மாற்றும். உதிரும் துருவின்மீது பூசினால் மேல் அடுக்கு மட்டும் மாறும், அடியில் இருப்பது அப்படியே இருக்கும். ஆகவே இது தேய்க்கும் வேலைக்கு மாற்றாகாது, அதன் பிறகு மிஞ்சியதற்கு மட்டுமே உதவும். பாஸ்பாரிக் வகையைப் பூசியபின் டப்பாவில் சொன்னபடி கழுவித் துடைத்து முழுவதும் காய வைக்க வேண்டும். அமில எச்சத்தின்மேல் எபாக்ஸி பிரைமர் சரியாகப் பிடிக்காது. சில மாதங்களில் தோல் உரிவதுபோல உரிந்துவிடும்.

வண்ணம்

சுத்தமான இரும்பு தெரிந்த அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும். ஓர் இரவு விட்டால்கூடக் காற்றின் ஈரத்தில் மஞ்சள் படிந்துவிடும். வெறுங்கையால் தொட்டால் வியர்வையின் உப்பில் விரல் ரேகையே துருவாகப் பதியும். கிரீஸ் நீக்கும் கரைப்பானை ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, அது ஆவியாகும் முன் உலர்ந்த இன்னொரு துணியால் எடுத்துவிடுங்கள். மழை நாளையும் பனி இறங்கும் நேரத்தையும் தவிர்க்க வேண்டும். பனித்துளி படியும் வெப்பநிலையைவிடத் தகடு குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருப்பது நல்லது.

சாதாரண பிரைமர் நுண்துளை உள்ளது. அதை மட்டும் அடித்துவிட்டு வண்ணம் பிறகு பார்க்கலாம் என்று வண்டியை வெளியே நிறுத்தினால், பிரைமரின் வழியே ஈரம் இறங்கித் துரு பிடிக்கும். எபாக்ஸி பிரைமர் நீரை வெகுவாகத் தடுக்கும் என்பதால், பீடிங்கின் அடியில் மறையப்போகும் விளிம்புக்கு அதையே பரிந்துரைப்பேன். தகட்டு மடிப்புகளிலும் இணைப்புகளிலும் பாலியூரித்தேன் சீலன்டை வெறும் இரும்பின்மேல் இழுக்காமல் பிரைமர் காய்ந்தபின் அதன்மேல் இழுங்கள். வடிகால் துளைகளில் அதற்கு முன்பே ஒரு ஈர்க்குச்சியைச் செருகிவைத்தால் என்னைப் போல அவதிப்பட நேராது. கடினமாக்கி கலக்கும் இரண்டு பாக வண்ணங்கள் பலவற்றில் ஐசோசயனேட் இருப்பதால், அவற்றைச் சாதாரண முகமூடி போட்டுக்கொண்டு தெளிப்பது நுரையீரலுக்குக் கேடு. வெளிக்காற்று ஊட்டும் முகமூடி வைத்திருக்கும் பட்டறையிடம் அந்த வேலையை விட்டுவிடலாம், அல்லது மறைவான விளிம்புகளுக்குத் தூரிகையால் பூசும் எனாமலே போதும். யாரும் பார்க்காத இடத்தில் தூரிகைக் கோடு தெரிவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். படலம் கனமாக இருப்பதுதான் அங்கே முக்கியம்.

வண்ணம் தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே ரப்பரை மாட்டக் கூடாது. உள்ளே மிச்சமிருக்கும் கரைப்பான் வெளியேற வழியில்லாமல் ரப்பரும் வண்ணமும் ஒட்டிக்கொள்ளும். எனாமலுக்கு ஒரு வாரம் கொடுப்பது பாதுகாப்பு.

பொருத்துதல்

பீடிங் நீளத்தை வெட்டும்போது கஞ்சத்தனம் காட்டாதீர்கள். ரப்பரை இழுத்துப் பிடித்துப் பொருத்தினால் அது சில வாரங்களில் தன் இயல்பு நீளத்துக்குச் சுருங்கி, மூலையில் இடைவெளி விட்டுவிடும். மழைநீர் இறங்க அந்த இடைவெளியே போதும். ஆகவே ஒரு சில மி.மீ. கூடுதலாக வெட்டி, முனைகளை முதலில் பதித்து, நடுப்பகுதியை இரு முனையை நோக்கியும் தள்ளித் தள்ளி அழுத்த வேண்டும். கிளிப்புகளைப் பழையதையே போடாமல் புதிதாக வாங்கி, ஒவ்வொன்றின் பற்களிலும் மாட்டும் முன் மெழுகு தடவிவிடுங்கள். எவர்சில்வர் பட்டையாக இருந்தால் அது தகட்டைத் தொடும் இடமெல்லாம் பிளாஸ்டிக் டேப் ஒட்டி இரண்டு உலோகங்களையும் பிரித்துவைக்க வேண்டும்; அலுமினியத் தகட்டில் இரும்புத் திருகு போடும் இடத்தில் நைலான் வாஷர் அதே வேலையைச் செய்யும்.

ரப்பர் வழுக்கிச் செல்லச் சோப்புத் தண்ணீரே போதும். எஞ்சின் ஆயிலும் கிரீசும் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். சிலிக்கான் ஸ்பிரே ரப்பருக்கு நல்லதுதான், ஆனால் வண்ண வேலை முழுவதும் முடியும்வரை அந்தப் பக்கமே அதைக் கொண்டுவராதீர்கள். காற்றில் பறந்து படிந்த சிலிக்கான் மேல் அடிக்கும் வண்ணம் ஒட்டாமல் மீன்கண் போன்ற குழிகளாக விலகும்.

முன்கண்ணாடி ரப்பருக்கு இரண்டு பேர் வேண்டும். கரடுமுரடான பாதையில் உடல் முறுக்கப்படும்போது அதிகம் உரசுவது முன்கண்ணாடிச் சட்டத்தின் கீழ் மூலைகள்தான், துரு முதலில் தெரிவதும் அங்கேதான். ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, சட்டத்தின் விளிம்பில் உட்காரவேண்டிய பள்ளத்துக்குள் 5 மி.மீ. நைலான் கயிற்றைச் சுற்றிலும் செருகி, இரு முனைகளும் கீழ் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி வண்டியின் உட்பக்கம் விடுங்கள். சோப்புத் தண்ணீர் தடவிக் கண்ணாடியைச் சட்டத்தில் வைத்தபின், வெளியே நிற்பவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றைக் கண்ணாடியின் நடுவை நோக்கி மெதுவாக இழுப்பார். கயிறு வெளிவர வெளிவர ரப்பரின் உதடு விளிம்பைத் தாண்டி உள்ளே மடிந்து உட்காரும். வெளியே அழுத்துபவர் எப்போதும் கயிறு வந்துகொண்டிருக்கும் இடத்திலேயே அழுத்த வேண்டும். கை தவறி ஓரிடத்தில் ஓங்கித் தட்டினால், இரண்டு அடுக்கு ஒட்டிய முன்கண்ணாடி விரிசல் விடும். நடுவில் பூட்டுப் பட்டை ஓடும் ரப்பராக இருந்தால் அந்தப் பட்டையைக் கடைசியில்தான் செருக வேண்டும்.

ரப்பருக்கும் தகட்டுக்கும் இடையே கசிவு இருந்தால், காய்ந்து இறுகாத சீலன்டை இழுக்கலாம். உடல் முறுக்கும்போது அது விட்டுக்கொடுக்கும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானை இரும்பின் அருகே பயன்படுத்தவே கூடாது. அந்த வாடை அசிட்டிக் அமிலத்துடையது. கீறல் பட்ட இரும்பு அதன் அடியில் விரைவில் துருப்பிடிக்கும்.

உட்குழிகளும் பராமரிப்பும்

டோர் பேடை மாட்டுவதற்கு முன், நீண்ட குழாய் முனையால் கதவின் உட்புற அடிவிளிம்பிலும் மடிப்புகளிலும் துருவைத் தடுக்கும் உட்குழி மெழுகைத் தெளிக்க வேண்டும். சுற்றிலும் தெளிக்கும் துளைகள் கொண்ட முனையாக இருந்தால் மடிப்பின் மேல்பக்கமும் நனையும். கண்ணாடி ஓடும் வெல்வெட் சேனலில் மட்டும் மெழுகு படக் கூடாது. பட்டால் மணல் அதில் ஒட்டிக் கண்ணாடியைக் கீறும். சேசிஸுக்கும் இதே மெழுகு அல்லது ஆட்டு ரோமக் கொழுப்பான லேனலின் வகைப் பூச்சு போதும். தார் போல இறுகும் கறுப்புப் பூச்சு பழையதாகும்போது வெடித்து, வெடிப்புக்குள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே பார்த்தால் கறுப்பாக, ஒழுங்காக இருக்கும், திருப்புளியால் குத்தினால் பூச்சோடு சேர்ந்து தகடும் பெயர்ந்து வரும். ஆண்டுக்கு ஒரு முறை கதவுகளைத் திறந்து பார்த்து மெழுகு கழுவிப்போன இடத்தில் திரும்பத் தெளியுங்கள். கடற்கரை மணலிலோ ஆற்றிலோ ஓட்டிவிட்டு வந்தால் அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பகுதியையும் கூரை ஓரத்தில் நீர் வடியும் பள்ளத்தையும் கழுவிவிட வேண்டும்.

வேலை முடிந்ததும் சோதிக்க அழுத்தக் குழாய் வேண்டாம், அது நல்ல ரப்பரையும் தூக்கிவிடும். சாதாரணத் தோட்டக் குழாயை மெல்லத் திறந்து, ஜன்னலின் கீழ் விளிம்பில் தொடங்கி மேல்நோக்கிச் சில நிமிடங்கள் நகர்த்துங்கள். உள்ளே ஒருவர் டார்ச் விளக்கோடு உட்கார்ந்து எந்த உயரத்தில் முதல் சொட்டு விழுகிறது என்று பார்க்கட்டும். மேலிருந்து தொடங்கினால் நீர் எல்லா இடத்திலும் வழிந்து, கசியும் இடம் எது என்றே தெரியாது. பிறகு குழாயை மூடிவிட்டுக் கதவின் அடியில் குனிந்து பாருங்கள். ஒவ்வொரு துளையிலிருந்தும் நீர் சொட்ட வேண்டும். ஏதாவது ஒன்று உலர்ந்திருந்தால் அதில் ஈர்க்குச்சியை விட்டுக் கிளறி, நீர் வடிந்த பிறகே டோர் பேடை மாட்டுங்கள்.